மாம்பழ நிறப் புடவையில் ஸ்டேஷன் டூட்டி

போன மாதம் தில்லைநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கைத்தறிக் கண்காட்சி போட்டிருந்தார்கள். எனக்குப் புடவை வாங்கும் வயதெல்லாம் கடந்துவிட்டது. இருக்கிறதைக் கட்டித் தீர்க்கவே ஆயுசு போதாது. தங்கை மகள் கூப்பிட்டாள், போனேன். புதுக் கைத்தறிப் புடவைக்கென்று ஒரு கஞ்சி வாசனை உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். கஞ்சியும் சாயமும் கலந்து மூக்கில் லேசாக உறைக்கும். அதை முகர்ந்துகொண்டே மேஜை மேஜையாக நகர்ந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். மாம்பழ நிறம், உடல் முழுக்கப் பச்சைக் கட்டம், அரக்குக் கரை. விற்கிற பெண், "பாட்டி, பிரிச்சுக் காட்டவா? உங்க கலருக்கு எடுப்பா இருக்கும்" என்றாள். நாற்காலி கேட்டு உட்கார்ந்தேன். தங்கை மகள் சர்க்கரை இறங்கிவிட்டதென்று பயந்து மிட்டாய் வாங்க ஓடினாள். சர்க்கரையெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அறுபது வருஷத்துக்கும் முந்தைய ஒரு காலைநேரம்தான் வந்து எதிரே நின்றது.

ஐம்பதுகளின் கடைசி. நான் திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இருபத்தொரு வயது, வீடு உறையூரில், வீட்டில் அம்மாவும் தங்கையும். ஆபரேட்டர் என்றால் என்ன என்றே இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. போனை எடுத்தால் எங்கள் குரல்தான் வரும். நம்பரைச் சொன்னால் எதிரே இருக்கும் பலகையில் ஒரு கயிற்றைச் செருகி இணைப்புக் கொடுப்போம். ஹெட்செட்டை மாட்டினால் முந்தைய ஷிப்டுக்காரியின் தலையெண்ணெய் வாசனை அடிக்கும். எனக்கு எப்போதும் ரோஸியின் வாசனை. அவள் எண்ணெயோடு மரிக்கொழுந்தும் வைப்பாள். எந்தக் கடைக்காரர் காலையில் எரிந்து விழுவார், எந்த வீட்டில் போனை எடுக்க நேரமாகும், எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் வெளியே மூச்சுவிடக் கூடாது. சொந்தக் காரியத்துக்கு ஒரு லைனைத் தொட்டாலும் மெமோ. நான் சுபாவத்திலேயே பயந்தாங்கொள்ளி. மெமோ என்று யாராவது சொன்னாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ரோஸியின் மரிக்கொழுந்தை நினைத்தால் அடுத்தாற்போல் பினாயில் வாசனை வந்து நிற்கிறது. புத்தூரில் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் சங்கம் கூடும். உத்தியோகம் பார்க்கும் பெண்களின் சேவைச் சங்கம். ஊரார் அதை லேடீஸ் கிளப் என்று சொல்லிவிட்டால் டாக்டரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "அங்க பூப்பந்து ஆடறாங்க. நாம ஆடறதுக்கா கூடறோம்?" என்பார். வேலைக்குப் போகிற பெண்கள் சேர்ந்து, படிக்கவும் வேலைக்கு வரவும் தவிக்கிற பெண்களுக்குக் கைகொடுப்பது, அவ்வளவுதான் நோக்கம். ஒரே ஒரு ரூல் மட்டும் கறாராக இருந்தது. ஒரு தொழிலுக்கு ஒருத்திதான். ஒரு டாக்டர், ஒரு வக்கீல், ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ், ஒரு லைப்ரரியன் என்று நாற்காலிக்கு நாற்காலி வேறு வேறு தொழில். அப்படி இருந்தால்தான் ஒரு பெண்ணுக்காகப் பல இடத்துக் கதவையும் தட்ட முடியும் என்பது யோசனை. வெளிநாட்டில் இப்படித்தான் என்று டாக்டரம்மா தெரிந்துகொண்டு வந்திருந்தார்.

எனக்கு நாற்காலி கிடைத்த கதையில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எனக்கு முன்னால் டெலிபோன் நாற்காலியில் இருந்தவள் கல்யாணமாகி வடக்கே போய்விட்டாள். ரோஸியைக் கேட்டார்கள், அவளுக்குச் சனிக்கிழமை சர்ச்சில் பாட்டுப் பயிற்சி. மிச்சம் இருந்தது நான். முதல் கூட்டத்திலேயே காப்பியை மடியில் கொட்டிக்கொண்டேன். துடைத்துக்கொண்டிருக்கும்போது ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா பக்கத்து நாற்காலியிடம், "டெலிபோன்லாம் ஒரு தொழிலா? அடுத்தது யாரு, டிக்கெட் கிழிக்கிறவளா?" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. காதுதானே எங்கள் பிழைப்பு. அன்றிலிருந்து அந்த நாற்காலியில் நான் நுனியில்தான் உட்காருவேன், எப்போது எழுந்திருக்கச் சொல்வார்களோ என்று.

சங்கத்து வேலைகளில் எனக்கு ரொம்பப் பிடித்ததும், என்னை ரொம்பப் பயமுறுத்தியதும் ஸ்டேஷன் டூட்டி. நர்ஸ் பயிற்சிக்கும் டீச்சர் பயிற்சிக்கும் கிராமங்களிலிருந்து பெண்களுக்கு இன்டர்வியூ வரும். கூட வர ஆள் இருக்காது. தனியாக அனுப்ப அப்பன்மாருக்கு மனம் வராது. அதற்காக எங்களில் ஒருத்தி ஸ்டேஷனில் நின்று இறக்கி, போக வேண்டிய இடத்தில் சேர்த்து, சாயங்காலம் வண்டி ஏற்றிவிடுவாள். முகம் தெரியாதே, எப்படி? பத்து நாள் முன்னதாகவே ஒரு போஸ்ட்கார்டு போய்விடும். அன்றைக்கு நாங்கள் கட்டப்போகிற புடவையின் நிறம், கரை, கையில் என்ன வைத்திருப்போம் என்பது மட்டும் அதில் இருக்கும். பெயர் இருக்காது, விலாசம் இருக்காது. கார்டு வேண்டாதவர்கள் கையில் சிக்கி, அந்தப் பெயரைச் சொல்லியே பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால்? கீழே எல்லாக் கார்டிலும் ஒரே வரி: வழியில் யாரோடும் பேச வேண்டாம், யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல வேண்டாம். பத்து நாள் முன்னால் வாக்குக் கொடுத்த புடவை, அன்றைக்கென்று பார்த்துச் சலவைக்குப் போய்விடாமல் காப்பாற்றுவது தனிப் பாடு. வக்கீலம்மா ஒரு தடவை ஈரப்புடவையோடு போய் நின்று மூன்று நாள் காய்ச்சலில் படுத்தார்.

தனபாக்கியத்தின் அப்பா ஒரு சனிக்கிழமை மாடிக்கே வந்துவிட்டார். புள்ளம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், கொஞ்சம் நிலம். பெண்ணுக்கு நர்ஸ் பயிற்சிக்கு இன்டர்வியூ கடிதம் வந்திருந்தது. அவர் நாற்காலியில் உட்காரவில்லை. தோளில் கிடந்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கடலை பிடுங்குற நேரம், நான் வர முடியாதுங்க. நீங்க கைக்குக் கை வாங்கிக்குவீங்கன்னா வண்டி ஏத்தி விடறேன். ஆனா ஒரு தடவதான். வழியில ஏதாச்சும் கோளாறுன்னு காதுல விழுந்துச்சுன்னா, வர்ற முகூர்த்தத்துல என் மச்சினனுக்கே கட்டி வச்சிருவேன். வீட்ல எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

"பொண்ணு என்ன சொல்றா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அவ என்னங்க சொல்லுவா? ராவும் பகலும் அந்தக் கடிதாசியவே வச்சுப் பாத்துக்கிட்டிருக்கா."

அவர் போனதும் டாக்டரம்மா பார்வையைச் சுற்றிலும் ஓட்டினார். அந்தத் தேதியில் எல்லோருக்கும் ஏதோ வேலை. எனக்கு மத்தியான ஷிப்ட். "நீ போயேன்" என்றார். அதுதான் என் முதல் டூட்டி.

தீபாவளிக்கு வாங்கிய மாம்பழ நிறப் புடவை பிரிக்காமல் இருந்தது. கூட்டுறவுக் கடையில் எடுத்தது. அந்த வருஷம் அந்தக் கடைக்கு அதே நிறம் அதே கட்டத்தில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருந்தது என்பதோ, திருச்சி ஜில்லாவில் பாதிப் பெண்கள் அதைத்தான் வாங்கியிருந்தார்கள் என்பதோ எனக்கு எப்படித் தெரியும்? வாழ்க்கையில் முதல் தடவையாக எவரிடமும் இல்லாத புடவை என்னிடம் இருப்பதாக ஒரு மிதப்பு. கார்டில் வரைந்து வரைந்து எழுதினேன். மாம்பழ நிறம், பச்சைக் கட்டம், அரக்குக் கரை, கையில் கறுப்புக் குடை. கடைசியில், 'ஸ்டேஷனில் நிற்பேன். என்னைப் பார்த்ததும் இறங்கிவிடவும்.' நாலு தடவை படித்துப் பார்த்துத்தான் தபால்பெட்டியில் போட்டேன். எங்களுக்கெல்லாம் ஸ்டேஷன் என்றால் ஜங்ஷன்தான். லால்குடிப் பக்கமிருந்து வருகிற வண்டி ஜங்ஷனுக்கு முன்னால் ஸ்ரீரங்கத்திலும் டவுனிலும் நிற்கும் என்பது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் ரயிலில் தனியாக ஏறியே அறியாத ஒரு பெண்ணின் கண்ணால் அந்தக் கார்டைப் படிக்கத் தோன்றவில்லை.

அன்று காலை வண்டி வர அரைமணி முன்னாலேயே ஜங்ஷனில் நின்றேன். இன்டர்வியூ பத்தரை மணிக்கு, வண்டி ஏழரைக்கு. வண்டி வந்தது. கீரைக்கட்டு இறங்கியது, பால் கேன் இறங்கியது, பட்டாளத்துக்காரர் ஒருவர் இறங்கினார். தனபாக்கியம் இறங்கவில்லை. குடையை விரித்து உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெயிலும் இல்லாத மழையும் இல்லாத பிளாட்பாரத்தில் எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டிவரை நடந்தேன். பெட்டிப் பெட்டியாக எட்டிப் பார்த்தேன். பெண்கள் பெட்டியில் ஒரு கிழவியம்மா மட்டும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "ட்ரங்குப் பொட்டி வச்சுக்கிட்டு ஒரு பொண்ணு வந்துச்சே, ரங்கத்துலயே எறங்கிருச்சே. எங்கம்மா எறங்குறேன்னு கேட்டேன், வாயே தொறக்கல" என்றார்.

வாயைத் திறக்காதே என்று எழுதியவள் நான்தானே.

ஸ்டேஷன் போனில் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். ஒரு கேள்விகூடக் கேட்காமல் தன் பழைய மோரிஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். அந்தக் கார் எப்போதும் ஈதர் நெடி அடிக்கும். காவேரிப் பாலத்தில் மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது "டாக்டர், அவங்கப்பாகிட்ட என்ன சொல்றது?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். "மொதல்ல பொண்ணத் தேடு. அப்பனை அப்புறம் பாக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு ஹாரனை விடாமல் அமுக்கினார்.

ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில், ட்ரங்குப் பெட்டியோடு இறங்கிய பெண்ணைப் பற்றிக் கேட்டதும் ஒரு போர்ட்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதே பொடவையில ஒரு அம்மா வந்திருந்தாங்களே! கொடைகூட வச்சிருந்தாங்க. அந்தப் பொண்ணு அவங்க பின்னாடியேதான் போச்சு" என்றார். டாக்டரம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருவருக்கும் ஒரே நினைப்பு: கார்டை யாரோ வழியில் படித்துவிட்டார்கள். படித்து, அதேபோல் புடவை தேடிக் கட்டிக்கொண்டு வந்து பெண்ணைக் கொண்டுபோய்விட்டார்கள். இன்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. அன்று அந்த பிளாட்பாரத்தில் நான் அழுதேன். ஒரு தகப்பனுடைய ஒரே ஒரு சம்மதத்தை வாங்கி, அதையும் தொலைத்துவிட்டேனே என்று வாய்விட்டு அழுதேன்.

சித்திரை வீதிகளில் ஒரு சுற்று, உத்தர வீதிகளில் ஒரு சுற்று. மாம்பழ நிறப் புடவை கண்ணில் பட்டபோதெல்லாம் காரை நிறுத்தினோம். மூன்று தடவை நிறுத்தினோம்; மூன்று பேரும் வேறு வேறு பெண்கள். அப்போதுதான் கூட்டுறவுக் கடையின் லட்சணம் எனக்கு உறைத்தது. மணி ஒன்பது தாண்டிவிட்டது. அதற்கு மேல் என்ன துணிச்சலோ, ஒரு மருந்துக்கடைக்குள் நுழைந்து போனை எடுத்தேன். பலகையில் ரோஸி இருந்தாள்.

"ரோஸி, ஸ்ரீரங்கத்துல இருக்கற நம்பர் அத்தனையும் ஒண்ணுவிடாம கூப்பிடு. மாம்பழக் கலர் புடவையில ஒரு அம்மா, கூட ட்ரங்குப் பெட்டியோட ஒரு பொண்ணு. யாராவது பாத்தாங்களான்னு கேளு."

"ஏய், பைத்தியமா உனக்கு? சூப்பர்வைசர் பின்னாடிதான் நிக்கறாரு."

"மெமோ வந்தா நான் வாங்கிக்கறேன். கேளுடி."

அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் போன் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? இருபது நிமிஷம் ஆகியிருக்கும். மருந்துக்கடைக்காரர் கொடுத்த தண்ணீரைக் குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நின்றேன். மணி அடித்தது. "லைன் டெஸ்ட்டுன்னு சொல்லிக் கேட்டேன். காப்பிக்கொட்டை வறுக்கிற கடைக்காரர் பாத்தாராம். ஒரு மாமியும் பொண்ணும் ஜட்கா பேசி ஏறினாங்களாம். பாலம் பக்கமா போச்சாம்" என்றாள் ரோஸி. பாலம் தாண்டினால் திருச்சி. பஸ் ஸ்டாண்டும் ஜங்ஷனும் அங்கேதான். எங்கே வேண்டுமானாலும் வண்டி ஏற்றிவிடலாம். டாக்டரம்மா கார் கதவைச் சாத்திய வேகத்தில் கண்ணாடி கீழே இறங்கிவிட்டது.

"மொதல்ல இன்டர்வியூ நடக்கற ஆஸ்பத்திரிக்குப் போய், பொண்ணு வரலன்னு சொல்லி இன்னொரு நாள் கேட்டுப் பாப்போம். அப்பறம் போலீஸ்" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வரிசை முடிகிற இடத்தில் ஒரு மாம்பழ நிறப் புடவை. அதன் பக்கத்தில், தலை படியப் பின்னி, கனகாம்பரம் வைத்து, மடியில் கடிதத்தோடு ஒரு பெண். அந்தப் பெண் நிமிர்ந்து என் புடவையைப் பார்த்தாள். திரும்பி மாமியின் புடவையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"அப்ப இவங்க யாருங்க?"

நான் அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டபோது மணி பத்து ஐம்பது.

அந்த மாமிக்குப் பெயர் கோமளம். கீழச் சித்திரை வீதியில் வீடு. பிள்ளையை மதுரைக்கு அதே வண்டியில் ஏற்றிவிட ஸ்டேஷனுக்கு வந்தவர். வண்டி போன பிறகு திரும்பி நடந்தால் பின்னாலேயே ஒரு பெண் ட்ரங்குப் பெட்டியோடு வருகிறாள்.

"யாருடி கொழந்தே, எதுக்குப் பின்னாடியே வரேன்னு கேக்கறேன், வாயைத் தொறக்கலை. கார்டை எடுத்து நீட்டறது. படிக்கறேன், அப்படியே என்னைப் பாத்து எழுதினாப்போல இருக்கு! நான் இல்லைடின்னு சொல்ல எத்தனை நாழியாகும்? ஆனா அதும் மொகத்தைப் பாத்தேன். இவதான்னு நம்பி எறங்கியிருக்கு. நானும் இல்லேன்னுட்டா, அப்புறம் அது யாரைத்தான் நம்பும்? அதான் ஆமான்னும் சொல்லலை, இல்லேன்னும் சொல்லலை. ஆத்துக்கு அழைச்சுண்டு போய், ரெண்டு வாய் தத்தியோன்னம் போட்டு, அது வச்சிருந்த கடுதாசியைப் பாத்து இங்கே கொண்டு வந்துட்டேன். பெருமாள் கொண்டு வந்து விட்டிருக்கார், நான் யாரு மாட்டேங்கறதுக்கு?"

"எங்களுக்கு ஒரு தகவல் சொல்லியிருக்கலாமே மாமி" என்றேன், அழுத மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"யாருக்கும்மா சொல்றது? உங்க கார்டுல ஒரு பேர் உண்டா, ஒரு விலாசம் உண்டா?"

தனபாக்கியம் பிறகு என்னிடம் சொன்னாள், அந்தத் தயிர்சாதத்தை வாசலை அடுத்த ரேழியில் வைத்துத்தான் போட்டார்களாம், உள்ளே கூப்பிடவில்லையாம். "ஆனா தலைய அவங்களே மடியில வச்சு சிக்கெடுத்துப் பின்னிவிட்டாங்கக்கா" என்றாள். அந்தக் காலம் அப்படி. இரண்டையும் ஒரே மனுஷிதான் செய்தார். எதையும் மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

தனபாக்கியத்துக்கு இடம் கிடைத்தது. அவள் அப்பாவின் காதுக்கு எந்தக் கோளாறும் போய்ச் சேரவில்லை. மெமோ வரும் வரும் என்று நான் ஒரு மாதம் சரியாகத் தூங்கவில்லை. லைன் டெஸ்ட் என்பதைச் சூப்பர்வைசர் நம்பினாரோ, நம்பியதுபோல் இருந்துவிட்டாரோ. கார்டில் 'யாரோடும் பேச வேண்டாம்' என்ற வரி மாறியது. 'பயப்பட வேண்டாம், சந்தேகம் வந்தால் ஒரு பெண்மணியிடம் கேட்கவும்' என்று டாக்டரம்மாவே எழுதி, கீழே தன் பெயரும் விலாசமும் போட்டார். அதைவிடப் பெரிய மாற்றம், லால்குடிப் பக்கமிருந்து வருகிற பெண்களை ஸ்ரீரங்கத்திலேயே இறக்கி அழைத்து வரக் கோமளம் மாமி முன்வந்ததுதான். ஏகாதசியன்று பட்டினியோடும் வருவார். நாங்கள் மாறி மாறிச் செய்ததை அந்த ஸ்டேஷனில் அவர் ஒற்றையாளாகச் செய்தார்.

எல்லாம் போய்விட்டது. எக்ஸ்சேஞ்சில் தானாக இணைக்கிற யந்திரம் வந்து, கயிறும் பலகையும் போயின. ரோஸி மகனோடு பெங்களூர் போனாள். டாக்டரம்மாவுக்குப் பிறகு சங்கம் இரண்டு வருஷம் இழுத்துக்கொண்டு கிடந்து அடங்கியது. அந்த மாடியில் இப்போது ஸ்கேன் எடுக்கிறார்கள். ஜங்ஷனில் பெண்கள் தனியாக இறங்கி, போனில் பேசிக்கொண்டே ஆட்டோ பிடித்துப் போகிறார்கள். பார்க்க நிறைவாகத்தான் இருக்கிறது. கோமளம் மாமி பிள்ளையோடு டில்லிக்குப் போய் அங்கேயே கண்ணை மூடினார். கீழச் சித்திரை வீதியில் அவர் வீடு இருந்த இடத்தில் யாத்திரைக்காரர்கள் தங்கும் லாட்ஜ்.

இவ்வளவு நேரம் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்த ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த வருஷமே டாக்டரம்மா, கோமளம் மாமியைச் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று பேச்செடுத்தார். "தொழில்ங்கற இடத்துல என்ன போடறது? சமையல்னா?" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கேட்டார். சிலர் சிரித்தார்கள். "நம்ம வேலைய நம்மளவிட நல்லா செய்யறாங்க. அதுக்காக ரூலைக் கொஞ்சம் தளர்த்தினா என்ன?" என்றார் டாக்டரம்மா. கை தூக்கச் சொன்னார்கள். தலைவியான டாக்டரம்மாவை விட்டால் ஏழு பேர். மூன்று கை உயர்ந்தது. நாலாவது ஒன்று வேண்டும். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவும் என்னைப் பார்த்தார். ரூலைத் தளர்த்திப் பேச ஆரம்பித்தால் டெலிபோன் நாற்காலிக்கும் பேச்சு வருமே என்று எனக்குப் பயம். ஒரு பெண்ணுக்காக மெமோவுக்குத் துணிந்தவள், அந்த நாற்காலி நுனிக்காகக் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாமியிடம் போய்ச் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. "ரூல் இடம் கொடுக்கலை மாமி" என்றேன். மாமி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். "போறது போ. எனக்கெதுக்கடி சங்கம்? அடுத்த பொண் எந்த வண்டியில வரா, அதைச் சொல்லு" என்றார். சொன்னேன். அதற்குப் பிறகு அவர் டில்லிக்குப் போகும்வரை எத்தனையோ வண்டிகளைப் பற்றி அவரோடு பேசியிருக்கிறேன். ரூல் இல்லை மாமி, நான்தான் கை தூக்கவில்லை என்ற ஒரு வரி மட்டும் வாய்வரை வந்து திரும்பிப் போய்விடும். இப்போது சொல்லிவிடுவேன். கேட்க மாமி இல்லை.